பி.காம். முடித்த பிறகு யோசிப்பது தாமதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே நாளிதழ்களில் 'என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம்' பக்கங்கள் தொடங்கிவிடுகின்றன. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தேதி, கட்-ஆஃப், கலந்தாய்வு என்று எல்லாமே வருகின்றன. கணக்குப்பதிவியல் எடுத்த பிள்ளைகளுக்கு மட்டும் 'பி.காம்., சிஏ, சிஎம்ஏ, சிஎஸ் படிக்கலாம்' என்று ஒரே ஒரு வரி. (சிஏ ஆடிட்டர் படிப்பு, சிஎம்ஏ உற்பத்திச் செலவுக் கணக்குப் படிப்பு, சிஎஸ் கம்பெனி செக்ரட்டரி படிப்பு.) எந்தப் படிப்புக்கு எந்த மாதம் பதிய வேண்டும், எதில் தமிழில் தேர்வு எழுதலாம், எந்த இடத்தில் பிள்ளைகள் சறுக்குகிறார்கள் என்பது அதில் இருப்பதில்லை. அதனால்தான் மூன்று வருடம் முடித்துக் கையில் பட்டத்தோடு நிற்கும்போது 'அடுத்து என்ன?' என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வி இரண்டாம் ஆண்டிலேயே வந்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். சிஏ படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. செப்டம்பரில் எழுத வேண்டுமானால் மே 1-க்குள் பதிந்திருக்க வேண்டும். நம் பிளஸ் டூ முடிவு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது. ரிசல்ட் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று காத்திருந்த மாணவர் அங்கேயே நான்கு மாதத்தை இழந்துவிடுகிறார். அடுத்த வாய்ப்பு ஜனவரி, அதற்குக் கடைசி நாள் செப்டம்பர் 1. உண்மையில் பத்தாம் வகுப்பு முடித்ததுமே இதற்குப் பெயர் பதிந்து வைக்கலாம். பிளஸ் டூவில் தேர்ச்சி பெற்றதும் ஃபவுண்டேஷன் எழுத உட்காரலாம். இதைப் பள்ளியிலேயே சொன்னால் போதும், பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

இன்னொரு குழப்பம் கல்லூரிச் சேர்க்கையில் ஆண்டுதோறும் நடக்கிறது. 'பி.காம். சிஏ' என்று விண்ணப்பத்தில் பார்த்ததும் ஆடிட்டர் படிப்பு என்று நினைத்துச் சேர்த்துவிடும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அதில் உள்ள சிஏ, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். அது நல்ல படிப்புதான், ஆனால் ஆடிட்டர் ஆவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பி.காம். பொது, சிஏ, கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ் எதுவானாலும் சிஏ-வின் இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டுக்கு, ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாகப் போக 55 சதவீத மதிப்பெண் வேண்டும். வணிகவியல் அல்லாத பட்டதாரிக்கு 60. அரியரைத் தள்ளித் தள்ளி, பாஸ் ஆனால் போதும் என்று படித்து 52 சதவீதத்தில் முடிக்கும் மாணவர், தனக்குத் தெரியாமலேயே ஒரு கதவைச் சாத்திக்கொள்கிறார். பிறகு சிஏ ஆசை வந்தால் மறுபடி ஃபவுண்டேஷனிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 55 தாண்டியவர்களோ இறுதியாண்டிலேயே தற்காலிகமாகப் பதிந்துகொள்ளலாம். பதிந்த நாளிலிருந்து எட்டு மாதம் கழித்துத்தான் இன்டர் எழுத முடியும் என்பதால் எவ்வளவு சீக்கிரம் பதிகிறார்களோ அவ்வளவு லாபம்.

சிஏ பற்றிப் பேசும்போது எல்லோரும் 'கஷ்டம்' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கே கஷ்டம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் இன்டரில் ஆறு தாள், ஃபைனலில் ஆறு தாள், மும்மூன்றாக இரண்டு குரூப். ஒவ்வொரு தாளிலும் 40 வேண்டும், குரூப்பில் மொத்தம் 50 சதவீதம் வேண்டும். மூன்று தாளிலும் 45 வாங்கியவர் எந்தத் தாளிலும் தோற்கவில்லை. ஆனால் மொத்தம் 135 தான் வருகிறது, 150 இல்லை, குரூப் போய்விடும். எல்லாவற்றையும் சமமாக, மேலோட்டமாகப் படிப்பவர்கள் விழுவது இந்தப் பள்ளத்தில்தான். ஒரு தாளை 60-க்கு மேல் கொண்டுபோகிற மாதிரி ஆழமாகப் படிப்பதுதான் பாதுகாப்பு. குரூப் போனாலும், அந்தக் குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதியிருந்தால், 60 வாங்கிய தாளை அடுத்த மூன்று தேர்வுகளுக்குத் திரும்ப எழுத வேண்டாம்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிஏ தேர்வு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். ஆனால் இவர்கள் பயப்படுகிற அக்கவுண்ட்ஸ் தாளிலும் காஸ்டிங் தாளிலும் மொழி பெரிய தடை இல்லை, எண் பேசிவிடும். தடை வருவது சட்டத்திலும் ஆடிட்டிங்கிலும். அந்த இரண்டுக்கும் தினமும் ஒரு பிரிவைப் படித்துப் புத்தகத்தை மூடிவிட்டு, சொந்தமாக நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும். கல்லூரி முதலாண்டில் தொடங்கினால் இன்டருக்குள் கை பழகிவிடும். இன்டருக்குப் பதிந்த பிறகு தொடங்கினால் போதாது.

ஆடிட்டரிடம் எடுக்க வேண்டிய கட்டாயப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. இன்டரின் இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் அதில் சேர முடியும். முடிந்து ஆறு மாதம் கழித்து ஃபைனல். விடுப்பு ஆண்டுக்கு 12 நாள்தான். பகல் கல்லூரியும் ஆர்ட்டிகிள்ஷிப்பும் ஒன்றாக ஓடாது என்பதால், கல்லூரியில் இருக்கும்போதே இன்டரை முடித்துவிட்டு, பட்டம் வாங்கிய கையோடு ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்வதுதான் நேரம் வீணாகாத வழி. ஆடிட்டர் ஆபீஸில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது வேறு, ஆர்ட்டிகிளாகப் பதிவாவது வேறு. 'நம்ம ஆபீஸுக்கு வந்துக்கிட்டே படி' என்று யாராவது சொன்னால், சிஏ இன்ஸ்டிடியூட்டில் பதிவு உண்டா என்று முதலில் கேளுங்கள். பதிவு இல்லாமல் எத்தனை வருடம் போனாலும் அது கணக்கில் வராது.

சிஎம்ஏ-வை 'சிஏ கிடைக்காதவர்களுக்கான படிப்பு' என்று ஒதுக்குவது பெரிய தவறு. குறிப்பாகத் திருப்பூர், கோவை, கரூர், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு. ஒரு பனியன் கம்பெனியின் காஸ்டிங் ஷீட்டை, அதாவது ஒரு பீஸின் அடக்கவிலைக் கணக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் புரியும். ஒரு டி-ஷர்ட்டில் தைத்து முடித்த பின் நிற்கும் துணி 160 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கட்டிங் வேஸ்ட் 10 சதவீதம் என்று போட்டால் ஒரு பீஸுக்கு எடுக்க வேண்டிய துணி சுமார் 178 கிராம். கட்டிங் டேபிளில் உண்மையில் 14 சதவீதம் போயிருந்தால் 186 கிராம். வித்தியாசம் எட்டு கிராமும் கொஞ்சமும்தான். துணி கிலோ 400 ரூபாய் என்றால் பீஸுக்கு மூன்று ரூபாய் முப்பது காசு. ஆர்டர் 50,000 பீஸ் என்றால் ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் ரூபாய் எங்கே போனதென்றே தெரியாமல் போய்விடும். இதோடு சாயப்பட்டறையில் எடைக் குறைவு, பிரின்டிங் ரிஜெக்ஷன், கப்பல் தவறிப்போய் விமானத்தில் அனுப்பிய செலவு எல்லாம் சேரும். ஆர்டர் முடிந்ததும் பழைய காஸ்டிங்கை எடுத்து வைத்து, எந்த வரியில் எவ்வளவு விலகியது என்று எழுதிக் காட்டும் ஆள் கிடைப்பது அரிது. பில் என்ட்ரி போடத் தெரிந்தவர் நிறையப் பேர் கிடைக்கிறார்கள். இந்த விலகலைக் கண்டுபிடிப்பவரை முதலாளி விடமாட்டார்.

பி.காம். பட்டதாரிகள் சிஎம்ஏ இன்டர்மீடியட்டில் நேரடியாகச் சேரலாம். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஜூனுக்கு ஜனவரி 31, டிசம்பருக்கு ஜூலை 31 கடைசி நாள். இன்டரில் எட்டுத் தாள், ஃபைனலில் எட்டுத் தாள், 15 மாதம் நடைமுறைப் பயிற்சி. காஸ்ட் ஆடிட் (செலவுக் கணக்குத் தணிக்கை) சட்டப்படி கட்டாயம் என்பதால் வேலை குவியும் என்று சொல்லிச் சேர்ப்பவர்களிடம் கவனமாக இருங்கள். அது கம்பெனிகளுக்குத்தான், பார்ட்னர்ஷிப் நிறுவனங்களுக்கு இல்லை. வருமானத்தில் 75 சதவீதத்துக்கு மேல் ஏற்றுமதியில் ஈட்டும் கம்பெனிகளுக்கும் விலக்கு உண்டு. திருப்பூரில் சிஎம்ஏ-வின் மதிப்பு சட்டத்தில் இல்லை, மேலே சொன்ன எட்டு கிராமில் இருக்கிறது.

சிஎஸ் படிப்பு, சட்டம் வாசிக்கப் பிடித்தவர்களுக்கு. பங்கு மூலதனம் பத்துக் கோடியோ அதற்கு மேலோ உள்ள தனியார் கம்பெனியும் முழுநேரக் கம்பெனி செக்ரட்டரி வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு பிடித்தவர்கள் வெறும் அந்தஸ்துக்காக இதற்குப் போக வேண்டாம். ஏசிசிஏ 13 தாள் கொண்ட வெளிநாட்டுப் படிப்பு. பன்னாட்டு நிறுவனங்களில் மதிப்பு உண்டு, ஆனால் அதை வைத்து இந்தியாவில் ஆடிட் அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. கட்டணம் கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெரிய படிப்புக்கு வீட்டில் வசதியில்லை, உடனே சம்பாதிக்க வேண்டும் என்ற நிலையில்தான் பாதிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு, கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியைக் கற்றுத் தரும் சென்டர்தான் முதல் வாசல். எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரிசிப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்று பத்து நாளில் கை பழகிவிடுகிறது. ஆனால் சென்டரில் கொடுக்கும் பில் எல்லாம் சரியான பில்லாக இருக்கிறது. ஆபீஸில் வருவதோ தப்பான பில். வேலை அங்கேதான் தொடங்குகிறது.

வாங்கிய சரக்கின் மதிப்பு ஒரு லட்சம், ஜிஎஸ்டி 18,000, ஆக பில் 1,18,000. நம் கணக்கில் என்ட்ரி இருக்கிறது. மாதம் 14-ஆம் தேதி, விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி இறங்குகிறது. அதில் வரவு (வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழிப்பது) எடுக்கக்கூடிய பகுதியில் இந்த பில் இல்லை. இல்லாத பில்லுக்கு 18,000 ரூபாய் வரவு எடுக்கக் கூடாது. ஏன் இல்லை என்று தேட வேண்டும். விற்றவர் 11-ஆம் தேதிக்குள் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போடாமல் விட்டிருக்கலாம். நம் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்திருக்கலாம். ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள்: முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து பான் எண். பான் தெரிந்தால் தவறை அரை நிமிடத்தில் பிடித்துவிடலாம். பில்லைப் பதிவு எண் இல்லாத வாடிக்கையாளர் கணக்கில் தள்ளியிருக்கலாம். புதுச்சேரிக்காரர், எண் 34-இல் தொடங்குகிறவர், அங்கிருந்து சரக்கு அனுப்பிவிட்டு மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போடாமல், உள்மாநில விற்பனைபோல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்திருக்கலாம். காரணம் தெரிந்தால்தான் விற்றவரிடம் போனில் என்ன திருத்தச் சொல்வது என்று தெரியும். 2024 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி இணையதளத்தின் ஐஎம்எஸ் பக்கத்தில் ஒவ்வொரு பில்லையும் ஏற்கவோ, மறுக்கவோ, நிறுத்திவைக்கவோ முடிகிறது. இது தெரியாமல் எல்லாவற்றையும் அப்படியே விட்டால் அவை ஏற்றுக்கொண்டதாகவே போய்விடும், நம்முடையது அல்லாத பில்லும் சேர்த்து. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த வரவைத் திருப்ப வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. சாஃப்ட்வேர் இப்போது தானாகவே ஒப்பிட்டுவிடுகிறது என்பது உண்மை. அது ஒப்பிட்டு முடித்துவிட்டு மிச்சம் வைக்கும் இருபது பில்தான் இன்றைய கணக்காளரின் வேலை.

நேர்முகத் தேர்வுக்குப் போகும் பி.காம். பட்டதாரியிடம் ஆடிட்டர் ஆபீஸில் கேட்பது பெரும்பாலும் தேதிகளைத்தான். 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்டுவது, 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப்பும் இஎஸ்ஐயும், 20 மாத வரிக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி. இதைத் தடுமாறாமல் சொல்பவருக்கு வேலை பாதி உறுதி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம்தான் நடைமுறை என்பதால், மனப்பாடம் செய்து வைத்த பழைய பிரிவு எண்களைப் புதியவற்றோடு பொருத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கைடு புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கிப் படிக்கும் பழக்கம் இந்த ஒரு பாடத்துக்கு ஆகாது.

ஓரளவு அனுபவம் வந்ததும் சொந்தமாகவே நடத்த நினைப்பவர்கள், வணிகவியல் பட்டத்தை வைத்து, பிறருக்காக ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதியலாம். படிவம் பிசிடி-01 கொடுத்து, மத்திய அரசின் பயிற்சி நிறுவனமான நாசின் நடத்தும் தேர்வில் பாதி மதிப்பெண் எடுக்க வேண்டும். ஊரில் உள்ள மளிகை, ஹார்டுவேர், வொர்க்‌ஷாப் கணக்குகளுக்கு இது போதும்.

சென்னையில் சோழிங்கநல்லூர், சிறுசேரி, தரமணிப் பக்கம் வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு மையங்கள் பி.காம். பட்டதாரிகளை நிறைய எடுக்கின்றன. அங்கே ஒருவர் கணக்கு முழுவதையும் பார்ப்பதில்லை, ஒரு துண்டைத்தான் பார்ப்பார். பர்ச்சேஸ் ஆர்டரில் 100, சரக்கு வந்த ரசீதில் 96, பில்லில் 100 என்றால் அந்த பில்லை நிறுத்திவைப்பார். எஸ்ஏபி சாஃப்ட்வேரில் பில் பதியும் மிரோ, எஃப்பி60 என்று இரண்டு மூன்று திரையிலேயே நாள் போய்விடும். சம்பளம், பஸ், கேன்டீன் எல்லாம் சிறு ஆபீஸைவிட மேல்தான். ஆனால் ஒரே துண்டில் மூன்று வருடம் இருந்தவர் வெளியே வந்து ஒரு சிறு கடையின் பேலன்ஸ் ஷீட்டைக்கூடத் தனியாக முடிக்கத் திணறுகிறார். போகிறவர்கள் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை வேறு பிரிவு கேட்டு மாறுங்கள், மாத இறுதிக் கணக்கு முடிக்கும் குழுவுக்குப் போய்ச் சேர்வதுதான் இலக்காக இருக்கட்டும். அமெரிக்க நேரத்து ஷிஃப்டில் இருந்துகொண்டு சிஏ படிப்பேன் என்று யாரும் திட்டம் போட வேண்டாம். உடம்பு இடம் கொடுக்காது.

அரசு வேலை என்றால் குரூப் 4 மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 2, 2ஏ வழியாக உள்ளாட்சி நிதித் தணிக்கை, கூட்டுறவுத் தணிக்கை போன்ற துறைகளுக்குப் போகலாம். மத்திய அரசின் எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வில் ஆடிட்டர், அக்கவுண்டன்ட் பணியிடங்கள் வருகின்றன. தொடக்க அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய். உதவித் தணிக்கை அலுவலர் பணிக்கு 47,600. இத்தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். வங்கி கிளார்க் பணிக்கான ஐபிபிஎஸ் தேர்வையோ, ஆங்கிலப் பகுதி போக, தமிழிலேயே எழுதலாம். வயது 20 முதல் 28 வரை என்பதால் கல்லூரி இறுதியாண்டிலிருந்தே தயாராக வேண்டும்.

தமிழ் வழி மாணவர்களுக்கு மிகவும் பொருந்துகிற, ஆனால் யாரும் எடுத்துச் சொல்லாத வழி ஒன்று உண்டு. கூட்டுறவு வங்கிகளுக்கும் சங்கங்களுக்கும் உதவியாளர், எழுத்தர் பணியிடங்களை மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் தேர்வு வைத்து நிரப்புகின்றன. பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்பார்கள். அறிவிப்பு வந்த பிறகு பயிற்சிக்கு ஓடினால் நடக்காது. மாவட்டங்களில் உள்ள கூட்டுறவு மேலாண்மை நிலையங்களில் பட்டயப் படிப்பை முன்கூட்டியே முடித்து வைத்திருக்க வேண்டும். நகை மதிப்பீடும் அதில் கற்றுத் தருகிறார்கள். சங்கத்தின் தினசரி வேலையில் நகைக் கடனுக்குள்ள இடம் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கற்பித்தலில் விருப்பம் உள்ளவர்கள் எம்.காம்., பி.எட். முடித்து மேல்நிலைப் பள்ளிக்கும், நெட் அல்லது செட் தகுதித் தேர்வு முடித்துக் கல்லூரிக்கும் போகலாம்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தாம் பருவத்தில் வாரம் இரண்டு மணி நேரம் போதும். ஊரில் உள்ள ஒரு கடையின் மூன்று மாத பில்களைப் பெயரையும் எண்ணையும் மறைத்து வாங்கி, பேங்க் ஸ்டேட்மெண்டோடு பிள்ளைகள் கையில் கொடுங்கள். வேண்டுமென்றே பத்துத் தவறு வைத்துக் கொடுங்கள்: இரண்டு முறை ஏறிய பில், பவுன்ஸ் ஆன செக், முதலாளி வீட்டுச் செலவைக் கடைச் செலவில் எழுதியது. பத்தையும் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் சரியான ஜர்னல் என்ட்ரி எழுதினால்தான் மதிப்பெண்.

தங்கள் நாளிதழுக்கும் ஒன்று. மே மாதத்தில் ஒரு பக்கம் போடுவதைவிட, டிசம்பர், ஏப்ரல், ஆகஸ்ட் மூன்று மாதமும் கடைசி வாரத்தில் ஒரு சிறிய பெட்டிச் செய்தியாக வணிகவியல் மாணவர்களுக்கான பதிவுத் தேதிகளை வெளியிடுங்கள். சிஏ-வுக்கு ஜனவரி 1, மே 1, செப்டம்பர் 1. ஜனவரியிலும் ஜூலையிலும் மூன்றாவது வாரத்தில் சிஎம்ஏ-வுக்கு இன்னொன்று. உள்ளங்கை அளவு இடம் போதும்.

இப்படிக்கு,
கணக்குத் துறையிலும் வணிகவியல் கற்பித்தலிலும் உள்ளவர்கள் சிலர்,
திருப்பூர்.